கார் ஸ்பீக்கருக்கு வீட்டிலேயே பெட்டி செய்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

காரில் மியூசிக் சிஸ்டம் மாற்றும்போது கழற்றிய ஸ்பீக்கர்கள் பல வீடுகளில் பரணில் கிடக்கின்றன. பெரும்பாலும் அவை நல்ல நிலையில்தான் இருக்கும். ஆனால் அப்படியே மேசைமேல் வைத்து ஆம்ப்ளிஃபையரில் இணைத்தால் பேஸ் (தாழ்ந்த ஒலி) துளிகூட வராது. ஸ்பீக்கரின் முகப்பில் அதிரும் கூம்பு முன்னால் நகரும்போது முன்பக்கம் காற்றழுத்தம் கூடுகிறது, அதே நொடியில் பின்பக்கம் குறைகிறது. நடுவில் தடுப்பு இல்லாவிட்டால் இரண்டும் விளிம்பைச் சுற்றி வந்து ஒன்றையொன்று அழித்துவிடும். தாழ்ந்த ஒலிகளில்தான் இந்த இழப்பு அதிகம். காரில் கதவு தடுப்பாக நின்றது. வீட்டில் அந்த வேலையைப் பெட்டி செய்ய வேண்டும்.

எப்படிப்பட்ட பெட்டி என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். கடையில் விற்கும் பெட்டியைப் பார்த்துச் சின்னதாக ஒன்று செய்து, முன்னால் ஒரு குழாய் ஓட்டையும் போட்டுவிடுகிறார்கள். கதவில் பொருத்தும் ஸ்பீக்கருக்கு இரண்டும் ஒத்துவராது. அதற்கு வேண்டியது சற்றே பெரிய, காற்றுக் கசியாத, முழுக்க மூடிய பெட்டி. கீழே உள்ள அளவுகள் அதிகம் புழங்கும் 6.5 அங்குல கோஆக்சியல் ஸ்பீக்கருக்கானவை. பெரிய கூம்பின் நடுவிலேயே உயர்ந்த ஒலிகளுக்கான சின்ன ட்வீட்டர் இருப்பதுதான் கோஆக்சியல். மற்ற அளவுகளைப் பின்னால் பார்க்கலாம்.

முதலில் ஸ்பீக்கரைச் சோதியுங்கள்

கூம்பைச் சுற்றியுள்ள வளையத்தை விரலால் லேசாக அழுத்திப் பாருங்கள். ரப்பர் வளையம் பல வருடம் தாங்கும். ஃபோம் வளையம் நம் ஊர் வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் உதிர்ந்து, தொட்டாலே பொடியாகும். அப்படியிருந்தால் புது வளையம் ஒட்டிய பிறகுதான் பெட்டி வேலை.

இரண்டு கட்டைவிரல்களையும் கூம்பின் எதிரெதிர்ப் பக்கங்களில் வைத்து ஒரே சீராக உள்ளே தள்ளுங்கள். கரகரவென்று உரசும் ஓசை கேட்டால் வாய்ஸ் காயில் (கூம்பை அசைக்கும் கம்பிச்சுருள்) காந்தத்தில் உரசுகிறது. அந்த ஸ்பீக்கருக்காகப் பிளைவுட் வாங்க வேண்டாம். சென்னை புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிபாகக் கடைகளில் வாங்குபவர்கள் இந்தச் சோதனையைக் கடையிலேயே செய்துவிடுவது நல்லது.

அடுத்து மல்டிமீட்டர். 4 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் 3.2 முதல் 3.8 வரை காட்டும். எதுவுமே காட்டாவிட்டால் காயில் அறுந்திருக்கிறது. 2.5-க்கும் கீழே காட்டினால் ஒன்று காயில் ஷார்ட் ஆகியிருக்கும், அல்லது அது பிறப்பிலேயே 2 ஓம் ஸ்பீக்கராக இருக்கும். காந்தத்தின் பின்னால் உள்ள ஸ்டிக்கரைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

கடைசியாக, 1.5 வோல்ட் பேட்டரியின் முனைகளை ஸ்பீக்கர் டெர்மினல்களில் ஒரு நொடி மட்டும் தொடுங்கள். கூம்பு வெளியே வந்தால் பேட்டரியின் பிளஸ் தொட்ட முனைதான் ஸ்பீக்கரின் பிளஸ். அதில் சிவப்பு மார்க்கரால் குறி வையுங்கள். கோஆக்சியலில் உள்ள ட்வீட்டரை இந்தச் சோதனை காட்டாது, மீட்டரும் காட்டாது. அதன் வழியில் ஒரு சிறு கெபாசிட்டர் இருப்பதே காரணம். மெதுவாகப் பாட்டு ஓடவிட்டு ட்வீட்டரின் அருகில் காது வைத்துக் கேட்டால் போதும்.

பெட்டியின் கொள்ளளவு

ஸ்பீக்கர் தயாரிப்பாளரின் விவரத்தாளில் மூன்று எண்கள் இருக்கும். தனியாக இருக்கும்போது ஸ்பீக்கர் அதிரும் அதிர்வெண் எஃப்.எஸ். அந்த அதிர்வு எவ்வளவு கட்டுப்பாட்டில் இருக்கிறது என்பது க்யூ.டி.எஸ். கூம்பின் நெகிழ்வுக்குச் சமமான காற்றின் அளவு வி.ஏ.எஸ். மூடிய பெட்டிக்கு இந்த மூன்றும் போதும்.

கணக்கு எளிது. வி.ஏ.எஸ்-ஐப் பெட்டியின் லிட்டரால் வகுத்து, 1 கூட்டி, வர்க்கமூலம் எடுங்கள். வந்த எண்ணை க்யூ.டி.எஸ்-ஆல் பெருக்கினால் பெட்டிக்குள் கிடைக்கும் மொத்த க்யூ. அதே எண்ணை எஃப்.எஸ்-ஆல் பெருக்கினால் பெட்டிக்குள் அதிரும் அதிர்வெண்.

ஓர் எடுத்துக்காட்டு. எஃப்.எஸ் 65 ஹெர்ட்ஸ், க்யூ.டி.எஸ் 0.65, வி.ஏ.எஸ் 12 லிட்டர் உள்ள 6.5 அங்குல ஸ்பீக்கரை 5 லிட்டர் பெட்டியில் போட்டால் க்யூ 1.2, அதிர்வெண் 120 ஹெர்ட்ஸ். ஆண் குரல் வரும் இடத்தில் ‘பொம் பொம்’ என்று ஒரு வீக்கம், அதற்குக் கீழே எதுவும் இல்லை. 15 லிட்டரில் க்யூ 0.87, அதிர்வெண் 87 ஹெர்ட்ஸ். 25 லிட்டரில் 0.79, 79 ஹெர்ட்ஸ். 15-லிருந்து 25-க்குப் போவதில் ஆதாயம் குறைவு, இடம்தான் அடைபடும். அதனால் 15 லிட்டரில் நிற்கலாம். க்யூ 0.7 முதல் 0.9 வரை இருந்தால் கேட்க நன்றாக இருக்கும். 1.1-ஐத் தாண்டினால் பெட்டி சின்னது என்று பொருள்.

குழாய் ஓட்டை ஏன் கூடாது என்பதும் இதிலேயே இருக்கிறது. குழாய் வைத்த பெட்டி க்யூ.டி.எஸ் 0.3 முதல் 0.45 வரை உள்ள ஸ்பீக்கர்களுக்குத்தான் சரிவரும். கதவு ஸ்பீக்கர்களில் பலவற்றுக்கு அது 0.6-க்கும் மேல். அவற்றில் குழாய் வைத்தால் ஒரே ஒரு சுரம் மட்டும் தூக்கலாகக் கேட்கும். குழாயின் அதிர்வெண்ணுக்குக் கீழே கூம்பைப் பிடித்து நிறுத்தக் காற்றுமெத்தை இல்லாததால் காயில் தட்டவும் செய்யும்.

விவரத்தாள் கிடைக்காவிட்டால் பொதுவான அளவுகள் இவை: 4 அங்குலத்துக்கு 5 முதல் 6 லிட்டர், 5.25 அங்குலத்துக்கு 8 முதல் 10, 6.5-க்கு 15, நீள்வட்டமான 6×9-க்கு 35 முதல் 40.

எஃப்.எஸ்-ஐ மட்டும் வீட்டிலேயே அளந்துவிடலாம். ஸ்பீக்கருடன் தொடராக ஒரு 100 ஓம் ரெசிஸ்டர் போட்டு, ஃபோன் டோன் ஜெனரேட்டர் ஆப்பை ஆம்ப்ளிஃபையர் வழியாக மெதுவாக ஒலிக்கவிடுங்கள். ஸ்பீக்கரின் இரு முனைகளில் ஏ.சி. வோல்டேஜ் பார்த்துக்கொண்டே 30-லிருந்து 200 ஹெர்ட்ஸ் வரை நகர்த்துங்கள். வோல்டேஜ் உச்சம் தொடும் இடமே எஃப்.எஸ். பெட்டியில் பொருத்திய பிறகு இதே சோதனையைச் செய்தால் கணக்கு பலித்ததா என்று தெரிந்துவிடும்.

தேவையான பொருட்கள் (இரண்டு பெட்டிக்கு)

- 18 மி.மீ. பிளைவுட் அல்லது எம்.டி.எஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை), 4 அடிக்கு 4 அடி
- ஃபெவிகால் போன்ற மரப்பசை, அரை கிலோ
- 8 நம்பர், ஒன்றரை அங்குல மர ஸ்க்ரூ, சுமார் 70. ஸ்பீக்கர் பொருத்த முக்கால் அங்குல ஸ்க்ரூ 8
- தலையணையில் அடைக்கும் பாலியஸ்டர் பஞ்சு, 300 கிராம்
- ஜன்னலுக்கு ஒட்டும் 3 மி.மீ. ஃபோம் டேப்
- ஸ்பீக்கர் டெர்மினல் தட்டு 2
- 1.5 சதுர மி.மீ. செம்பு வயர்

ஒலியைப் பொறுத்தவரை பிளைவுட்டுக்கும் எம்.டி.எஃப்-க்கும் பெரிய வித்தியாசம் இல்லை. எம்.டி.எஃப் வழவழப்பாக இருக்கும், பெயின்ட் அழகாக உட்காரும். ஆனால் ஈரம் பட்டால் ஓரங்கள் பாதாம் போல உப்பிவிடும், பிறகு பழைய நிலைக்கு வராது. கடலோர ஊர்களில் இருப்பவர்களும், தரையில் வைக்கப்போகிறவர்களும் வாட்டர்புரூஃப் பிளை வாங்குவது உத்தமம். 12 மி.மீ. பலகையில் செய்யலாமா என்றால் செய்யலாம், ஆனால் பக்கப்பலகைகள் சேர்ந்து அதிரும். பழைய மேசையின் பார்ட்டிகிள் போர்டு வேண்டவே வேண்டாம். ஸ்க்ரூ பிடிக்காது.

வெட்டும் அளவுகள்

கடையில் இருக்கும் பேனல் சா மெஷினிலேயே வெட்டி வாங்கிவிடுங்கள். கைவாளால் வெட்டிய ஓரம் ஒரு மி.மீ. கோணினாலும் காற்று அங்கேதான் கசியும். இரண்டு பெட்டிக்குமான துண்டுகள்:

- முன், பின் பலகை: 356 × 236 மி.மீ., 4 துண்டு
- பக்கப்பலகை: 320 × 250 மி.மீ., 4 துண்டு
- மேல், கீழ்ப் பலகை: 236 × 250 மி.மீ., 4 துண்டு

உள்ளளவு 320 × 200 × 250 மி.மீ., அதாவது 16 லிட்டர். ஸ்பீக்கரும், பலகை அதிராமலிருக்க உள்ளே குறுக்காக ஒட்டும் உள்கட்டையும் ஒரு லிட்டரை எடுத்துக்கொள்ள, 15 நிற்கும். மூன்று வரிசையாக அடுக்கினால் 4 அடி அகலத்தில் 935 மி.மீ. உயரத்துக்குள் எல்லாம் அடங்கிவிடும். மிச்சத் துண்டில் 200 மி.மீ. நீளம், 40 மி.மீ. அகலத்தில் இரண்டு உள்கட்டை வெட்டிக்கொள்ளுங்கள். பலகை 18 மி.மீ. என்று சொல்லி 17 தருவதும் உண்டு. ஸ்கேல் வைத்து அளந்து, வித்தியாசம் இருந்தால் முன், பின், மேல், கீழ்ப் பலகைகளின் அளவைத் திருத்திய பிறகு வெட்டச் சொல்லுங்கள்.

ஸ்பீக்கர் ஓட்டை

6.5 அங்குல ஸ்பீக்கரின் வெளிவட்டம் சுமார் 165 மி.மீ., வெட்ட வேண்டிய ஓட்டை பெரும்பாலும் 127 முதல் 130 மி.மீ. கம்பெனிக்குக் கம்பெனி மாறுவதால் உங்கள் ஸ்பீக்கரின் கூடையை (விளிம்புக்குப் பின்னால் உள்ள சட்டம்) அளந்து 2 மி.மீ. கூட்டிக்கொள்ளுங்கள்.

ஓட்டையின் மையம் மேலிருந்து 145 மி.மீ., ஒரு பக்க ஓரத்திலிருந்து 103 மி.மீ. இருக்கட்டும். சரியாக நடுவில் வைத்தால் இரு விளிம்புகளிலிருந்தும் ஒலி ஒரே தூரத்தில் சிதறி, ஒரே அதிர்வெண்ணில் பள்ளம் விழும். இரண்டாவது பெட்டியில் இதைக் கண்ணாடி பிம்பம் போல மாற்றி வெட்டுங்கள். 10 மி.மீ. ஓட்டை ஒன்று போட்டு ஜிக்சா பிளேடை நுழைத்து, கோட்டின் உட்புறமாகவே வெட்டிவந்து உப்புத்தாளால் சரிசெய்யலாம். எம்.டி.எஃப் தூள் நுரையீரலுக்கு ஆகாது, மாஸ்க் கட்டாயம்.

இப்போது பெரும்பாலானோர் கவனிக்காத ஒரு வேலை. கார் ஸ்பீக்கரின் கூடை ஆழம் குறைந்தது. கூம்பின் பின்பக்கக் காற்று வெளியேறும் ஜன்னல்கள் விளிம்புக்கு மிக அருகிலேயே தொடங்கிவிடும். காரின் மெல்லிய தகட்டில் அது சிக்கல் இல்லை. 18 மி.மீ. பலகையில் அந்த ஜன்னல்களில் பாதி மரத்தால் அடைபடும், குரல் மூக்கடைத்தது போல வரும். ஆகவே ஓட்டையின் உள்பக்க ஓரத்தை அரத்தால் 45 டிகிரி சாய்வாகச் சீவிவிடுங்கள். ஸ்க்ரூ விழும் நான்கு இடங்களில் மட்டும் விரலகலம் மரத்தைச் சீவாமல் விடுங்கள், இல்லாவிட்டால் ஸ்க்ரூவுக்குப் பிடிமானம் இருக்காது.

ஒட்டிச் சேர்ப்பது

கீழ்ப்பலகையை வைத்து, பக்கப்பலகைகள் இரண்டையும் நிறுத்தி, மேல்பலகையால் மூடிச் சட்டமாக்குங்கள். பசையைக் கஞ்சத்தனம் இல்லாமல் தடவ வேண்டும். அழுத்தும்போது மூட்டு முழுக்க மணிமணியாகப் பசை பிதுங்கினால்தான் போதுமான அளவு. ஸ்க்ரூ போடும் முன் 3 மி.மீ. பிட்டால் வழித்துளை போடுங்கள். எம்.டி.எஃப் ஓரத்தில் வழித்துளை இல்லாமல் திருகினால் பலகை இரண்டாகப் பிளந்துகொள்ளும். சட்டத்தின் இரண்டு மூலைவிட்டங்களையும் டேப்பால் அளந்து, சமமாக இருந்தால் மட்டும் இறுக்குங்கள்.

உள்கட்டையை இரு பக்கப்பலகைகளுக்கும் நடுவே குறுக்காக, உயரத்தில் சரிபாதிக்குச் சற்றுக் கீழே ஒட்டுங்கள். ஸ்பீக்கர் காந்தத்தில் இடிக்காமல் பின்பக்கமாகத் தள்ளியிருக்க வேண்டும். பிறகு டெர்மினல் ஓட்டை வெட்டிய பின்பலகை, கடைசியாக முன்பலகை. கிளாம்ப் இல்லாவிட்டால் கயிற்றைச் சுற்றிக் கட்டி, நடுவில் குச்சி நுழைத்து முறுக்கினாலே நல்ல இறுக்கம் கிடைக்கும்.

பசை காய 24 மணி நேரம் விடுங்கள். பிறகு கையை ஸ்பீக்கர் ஓட்டைக்குள் விட்டு உள்மூட்டுகள் எல்லாவற்றிலும் மரத்தூளும் பசையும் குழைத்த கலவையை இழுத்துப் பூசுங்கள். புளிச்ச வாடை வரும் சிலிக்கான் வேண்டாம், அதிலிருந்து வரும் அசிட்டிக் அமில ஆவி டெர்மினலையும் வயரையும் அரிக்கும்.

பெயின்ட், ரெக்சின், சன்மைக்கா எதுவானாலும் ஸ்பீக்கரைப் பொருத்துவதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

பஞ்சும் பொருத்துதலும்

ஒரு பெட்டிக்கு 150 கிராம் பாலியஸ்டர் பஞ்சு. உதறிப் பிரித்து, பின்பலகையை ஒட்டியும் பக்கங்களிலும் தளர்வாக நிரப்புங்கள். கூம்புக்கு நேர் பின்னால் இரண்டு அங்குலம் காலியாக இருக்கட்டும். பஞ்சு உள்ளே எதிரொலியை விழுங்குவதோடு, பெட்டி சற்றே பெரிதானது போன்ற பலனும் தரும். திணித்து அடைத்தால் அந்தப் பலன் போய்விடும். இலவம்பஞ்சு வேண்டாம். பூச்சி வரும், இழை பறந்து காயிலின் இடைவெளிக்குள் போகும்.

ஸ்பீக்கர் ஸ்க்ரூவுக்கான துளைகளை முன்கூட்டியே போட்டு, இரும்புத் துகள் ஒன்றுகூட இல்லாமல் துடைத்த பிறகே ஸ்பீக்கரை அருகில் கொண்டுவாருங்கள். விளிம்பின் அடியில் ஃபோம் டேப்பை வட்டமாக ஒட்டி, முனைகள் இடைவெளி இல்லாமல் சேர்வதைப் பாருங்கள். திருகுவது கையால்தான். காந்தம் ஸ்க்ரூடிரைவர் முனையைச் சட்டென்று இழுத்துக் கூம்பைக் கிழித்துவிடும், அதனால் மற்றொரு கையால் கூம்பை மறைத்துக்கொண்டு திருகுங்கள். எதிரெதிர் ஸ்க்ரூக்களாக இறுக்கினால் கூடை வளையாது.

கசிவு பார்க்க, 50 ஹெர்ட்ஸ் டோனை மிதமான சத்தத்தில் ஓடவிட்டு, எரியும் ஊதுபத்தியை மூட்டுகள், டெர்மினல், ஸ்பீக்கர் விளிம்பு ஓரமாக நகர்த்துங்கள். புகை நேராகப் போகாமல் நடுங்கும் இடத்தில் ஓட்டை இருக்கிறது.

ஆம்ப்ளிஃபையரும் வயரிங்கும்

கார் ஸ்பீக்கர் 4 ஓம். வீட்டு ஆம்ப்ளிஃபையர்கள் பலவற்றின் பின்னால் 8 ஓம் என்றோ, 6 முதல் 16 ஓம் என்றோ போட்டிருக்கும். அதில் ஒற்றை 4 ஓம் ஸ்பீக்கரைக் கொடுத்தால் கரண்ட் கிட்டத்தட்ட இரட்டிப்பாகி அவுட்புட் சூடேறும். ஒரே பெட்டியில் இரண்டு ஸ்பீக்கர்களைத் தொடராக இணைத்தால் 8 ஓம் ஆகிவிடும், ஆனால் பெட்டி 30 லிட்டர் வேண்டும். இணையாகக் கொடுத்தால் 2 ஓம், அதைச் செய்யவே கூடாது. 4 ஓம் ரெசிஸ்டரைத் தொடராகப் போடும் குறுக்குவழியும் வேண்டாம். பாதி சக்தி வெப்பமாகப் போகும், கூம்பின் மீதுள்ள கட்டுப்பாடு தளர்ந்து பேஸ் கொழகொழவென்றாகும்.

நல்ல வழி, 4 ஓமுக்கென்றே உள்ள கிளாஸ்-டி வகை ஆம்ப்ளிஃபையர் போர்டு. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போன்ற இடங்களில் கிடைக்கும் டி.பி.ஏ 3116 சிப் போர்டும், பழைய லேப்டாப்பின் 19 வோல்ட், 65 வாட் அடாப்டரும் சேர்ந்தால் வீட்டுக்குத் தாராளம். ஸ்பீக்கரின் மேல் 300 வாட் என்று எழுதியிருப்பது உச்ச அளவு, அதைப் பார்த்துப் பெரிய ஆம்ப்ளிஃபையர் தேட வேண்டாம். அறையில் கேட்கும்போது பெரும்பாலும் சில வாட்கள்தான் செலவாகும்.

பழைய கார் ஸ்டீரியோவையே பயன்படுத்துவதென்றால் 12 வோல்ட், 10 ஆம்பியர் எஸ்.எம்.பி.எஸ் (பவர் சப்ளை) வாங்குங்கள். வழக்கமான நிற முறைப்படி மஞ்சளும் சிவப்பும் சேர்ந்து பிளஸ்ஸுக்கு, கறுப்பு மைனஸுக்கு. நீல வயரை டேப் சுற்றி விட்டுவிடலாம். வெள்ளை முன் இடது, சாம்பல் முன் வலது, அவற்றிலேயே கறுப்புக் கோடு போட்டது மைனஸ். எஸ்.எம்.பி.எஸ்-ன் 230 வோல்ட் டெர்மினல்கள் திறந்தே இருக்கும். அதை மூடிய பெட்டிக்குள் வைத்து, எர்த் உள்ள மூன்று பின் பிளக்கும் ஃபியூஸும் போடாமல் ஸ்விட்சைத் தொடாதீர்கள்.

இந்த இரண்டு வகையிலும் ஸ்பீக்கர் மைனஸ் என்பது எர்த் அல்ல, அதிலும் சிக்னல் ஓடுகிறது. இடது வலது மைனஸ்களை ஒன்றாக முறுக்கினாலோ, பவர் சப்ளை மைனஸில் தொட்டாலோ சிப் போய்விடும்.

வயர் தடிமன் 4 ஓமில் கூடுதல் முக்கியம். 5 மீட்டர் தூரத்துக்கு 1.5 சதுர மி.மீ. வயரின் போய்வரும் தடை சுமார் 0.12 ஓம். மெல்லிய 0.5 சதுர மி.மீ. வயரில் 0.36 ஓம், அதாவது ஸ்பீக்கரின் 4 ஓமில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குக்குச் சமமான தடை வயரிலேயே கிடக்கும்.

வைக்கும் இடம்

காரின் மூடிய சின்ன அறை தாழ்ந்த பேஸைத் தானாகவே தூக்கிக் கொடுத்தது. வீட்டு ஹாலில் அது கிடைக்காது. போதாததற்கு, 236 மி.மீ. அகலப் பெட்டியில் சுமார் 490 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி பின்பக்கமும் சுற்றிப் போகத் தொடங்கும். பெட்டியைச் சுவரிலிருந்து 10 முதல் 20 செ.மீ. தூரத்தில் வைத்தால் இழந்ததில் ஒரு பகுதி திரும்பும். மூலையில் வைத்தால் அளவு மீறும்.

ட்வீட்டர் விஷயத்தில் வழக்கத்துக்கு மாறாகச் செய்யுங்கள். கதவில் கால்பக்கம் இருந்து, சாய்வாகக் கேட்கப்படும் என்று கணக்கிட்டே பல கோஆக்சியல்களில் ட்வீட்டரைக் கூர்மையாக வைத்திருப்பார்கள். முகத்துக்கு நேராகத் திருப்பினால் ‘ஸ்’ ஒலி காதைக் கீறும். பெட்டிகளை நேராகப் பார்க்க விட்டு, 20 முதல் 30 டிகிரி விலகி உட்காருங்கள். அப்போதும் கூர்மை குறையாவிட்டால் ட்வீட்டர் வயரில் மட்டும் 2.2 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் தொடராகச் சேர்க்கலாம்.

சரியாக வராவிட்டால்

இரண்டும் சேர்ந்து ஒலிக்கும்போது பேஸ் காணாமல் போய், ஒன்றை மட்டும் கேட்டால் இருக்கிறது என்றால் ஒரு பெட்டியில் பிளஸ் மைனஸ் மாறியிருக்கிறது. பேஸில் புஸ்ஸென்று காற்று ஓசை வந்தால் கசிவு. ஒரு குறிப்பிட்ட சுரத்தில் மட்டும் கிர்ரென்றால் பெரும்பாலும் உள்ளே வயர் பலகையில் தட்டுகிறது, டேப் ஒட்டினால் தீரும். சத்தம் கூட்டும்போது ஆம்ப்ளிஃபையர் அணைந்து மறுபடி வந்தால் அடாப்டரின் ஆம்பியர் போதவில்லை.

6×9, சப்வூஃபர், பானை

6×9-க்கு 38 லிட்டர் வேண்டுமானால் உள்ளளவு 500 × 270 × 290 மி.மீ. வைத்து, உள்கட்டை இரண்டாகப் போடுங்கள். ஓட்டை சுமார் 152 × 220 மி.மீ. நீள்வட்டம், ஸ்பீக்கருடன் வரும் அட்டை இருந்தால் அதையே வரைந்துகொள்ளுங்கள். 12 அங்குல சப்வூஃபருக்கு 30 லிட்டர் மூடிய பெட்டி தொடக்கத்துக்குச் சரியாக இருக்கும். இரட்டைக் காயில் உள்ளவற்றில் 4+4 ஓமைத் தொடராக இணைத்தால் 8, இணையாக இணைத்தால் 2.

மண்பானை மேல் ஸ்பீக்கரைக் கவிழ்த்துப் பாட்டுக் கேட்கும் பழக்கம் நம் ஊரில் உண்டு. அதில் நியாயம் இருக்கிறது: வளைந்த சுவர் அதிராது, எதிரெதிர்ச் சமதளம் இல்லாததால் உள்ளே எதிரொலி குறைவு. குறை வாய்ப்பகுதியில்தான், அங்கே காற்று கசியும். 12 மி.மீ. பிளைவுட்டில் வளையம் வெட்டி, எம்-சீலால் பானை வாயில் ஒட்டி, உள்ளே பஞ்சு போட்டு அதன்மேல் ஸ்பீக்கரைத் திருகினால் கசிவு நிற்கும். பானையில் எத்தனை லிட்டர் தண்ணீர் பிடிக்கிறது என்று அளந்து பார்த்து வாங்குங்கள். வயர் போகும் துளையை டைல்ஸ் பிட்டால், பானையை ஈரமாக வைத்துக்கொண்டு, டிரில்லின் சுத்தியல் இயக்கத்தை அணைத்துவிட்டுப் போட வேண்டும். துளை போட்ட பானை நன்றாகக் காய்ந்த பிறகே பஞ்சை உள்ளே வையுங்கள்.